மா. கிருஷ்ணன்: காட்டைப் பொய் சொல்லாமல் படம் பிடித்தவர்

(மூன்றாம் ஆண்டு, செராமிக் தொழில்நுட்பம்)



மாணவர் மன்ற மலர் என்றால் ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு கட்டாயம் இருக்கும். விஸ்வேஸ்வரய்யா அணை கட்டியதையும், ராமானுஜன் கணக்குப் போட்டதையும், ஜி.டி. நாயுடு மோட்டார் செய்ததையும் நீங்கள் பலமுறை படித்திருப்பீர்கள். நான் எழுத வந்திருப்பது அணையும் கட்டாத, தொழிற்சாலையும் கட்டாத, சம்பள வேலையில்கூட நிலையாக உட்காராத ஒருவரைப் பற்றி. கனமான ஒரு கேமராவைத் தூக்கிக்கொண்டு காடு காடாகச் சுற்றியவர். பெயர் மா. கிருஷ்ணன். 1912-ல் பிறந்து 1996-ல் மறைந்தவர்.

இவரைப் பற்றி இப்போது எழுதக் காரணம் உண்டு. இன்று நம்மில் பலர் கையில் போன் இருக்கிறது. போன் இருந்தால் கேமராவும் இருக்கிறது. மணிமுத்தாற்றில் தண்ணீர் வந்தால் போட்டோ, முந்திரித் தோப்பில் மயில் வந்தால் போட்டோ, ஹாஸ்டல் மாடியில் மைனா உட்கார்ந்தால் போட்டோ. அதோடு நின்றால் பரவாயில்லை. கொக்குக்குப் பின்னால் கரண்ட் கம்பி தெரிந்தால் விரலால் ஒரு தேய்ப்பு, கம்பி மாயம்! வானம் வெளிறிக் கிடந்தால் வேறு வானத்தை எடுத்து ஒட்டிவிடுகிறோம். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது நாம் பார்த்த கொக்குதானா? இந்தக் கேள்வியோடுதான் கிருஷ்ணனின் வாழ்க்கையைப் படித்தேன். அதே கேள்வியோடு உங்களுக்கும் சொல்கிறேன்.

எழுத்தாளர் வீட்டுக் கடைக்குட்டி

கிருஷ்ணன் பிறந்தது திருநெல்வேலியில், 1912 ஜூன் 30-ஆம் தேதி. அப்பா அ. மாதவையா. தமிழில் நாவல் என்ற ஒன்று தவழத் தொடங்கிய காலத்தில் 'பத்மாவதி சரித்திரம்' எழுதியவர். வெள்ளைக்காரர் ஆட்சியில் உப்பு இலாகாவில் அதிகாரியாக இருந்தவர். அவருடைய எட்டுப் பிள்ளைகளில் கிருஷ்ணன்தான் கடைசி.

குடும்பம் சென்னை மயிலாப்பூரில் குடியேறியது. அன்றைய மயிலாப்பூரை இன்றைய மயிலாப்பூராக நினைக்கக் கூடாது. வீட்டைத் தாண்டினால் புதர்க்காடு, அதில் பறவைகள், நரிகள். அந்தப் பையன் பதினோரு வயதிலேயே ஒரு கீரிப்பிள்ளையை வளர்த்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

1925-ல் மாதவையா சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில், தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசினார். அந்தக் கூட்டத்திலேயே உயிர் பிரிந்துவிட்டது. கடைக்குட்டிக்கு அப்போது 13 வயது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இது நம் வீடுகளைப் போன்ற வீடு இல்லை. கிருஷ்ணனின் அண்ணன் அனந்தநாராயணன் பிற்காலத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஆனவர். உறவினர் பெ.நா. அப்புசுவாமி தமிழில் அறிவியல் எழுதிய முன்னோடி. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா களிமண் மூட்டை இறக்குகிறார். நான் பாலிடெக்னிக் சேரும்வரை எங்கள் வீட்டில் இருந்த புத்தகம் ரேஷன் கார்டும் பாஸ்புக்கும்தான். அதனால், நீயும் கிருஷ்ணனைப் போல ஆகலாம் என்று சும்மா பூ சுற்ற மாட்டேன். ஆனாலும் அவரிடம் நாம் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. அதை மட்டும் சொல்கிறேன்.

மார்க் வாங்காத பட்டதாரி

1927-ல் கிருஷ்ணன் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். பாடம் தாவரவியல். அங்கே ஃபைசன் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர். அவர் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செடிகொடி தேடிப் போகும்போது கிருஷ்ணனும் கூடப் போவார். பேராசிரியரின் மனைவியிடம் வாட்டர்கலர் ஓவியம் கற்றுக்கொண்டார். இலையின் நரம்பையும் பூவின் இதழையும் பார்த்துப் பார்த்து வரைந்த கண் அது. கேமரா கைக்கு வருவதற்கு முன்பே கண் தயாராகிவிட்டது என்று சொல்லலாம்.

படிப்பில் மட்டும் பேர் சொல்லும்படி மார்க் வரவில்லை. பட்டம் வாங்கினார், சட்டமும் படித்து முடித்தார், ஆனால் வக்கீலாக வாழவில்லை. நல்ல வேலையும் எளிதில் கிடைக்கவில்லை. சின்னச் சின்ன வேலைகள் பார்த்தார், பத்திரிகைகளுக்கு எழுதினார், படம் வரைந்தார். அரியர் வைத்திருக்கும் தோழர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படித்துக்கொள்ளலாம்!

1942-ல் சண்டூர் சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. இது பெல்லாரிக்குப் பக்கத்தில், இன்றைய கர்நாடகத்தில் இருக்கிறது. சின்ன ராஜ்யம். ஒரே ஆள் பல வேலை பார்க்க வேண்டும். பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, ராஜாவின் அரசியல் செயலாளர் என்று எல்லா நாற்காலியிலும் கிருஷ்ணன் உட்கார்ந்து பார்த்துவிட்டார். மற்ற நேரமெல்லாம் மலைக்காடு. ஆடு மேய்த்தார், புறா வளர்த்தார், புறாவை வைத்துத் தபால் அனுப்பலாமா என்றுகூட யோசித்தார். சுற்றுவதும் பார்ப்பதும் எழுதுவதுமாகப் போன வருஷங்கள் அவை.

நாடு விடுதலை அடைந்தது. சமஸ்தானங்கள் இந்தியாவோடு இணைந்தன. சண்டூர் வேலை முடிந்தது. கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார். அப்போது அவருக்கு 38 வயது இருக்கும். கல்யாணமாகிக் குடும்பம் இருக்கிறது. எந்த ஆபீஸ் வாசலிலும் போய் நிற்கவில்லை. பேனாவும் கேமராவும்தான் இனிப் பிழைப்பு என்று முடிவு செய்தார்.

1950-ல் கல்கத்தாவிலிருந்து வெளிவந்த 'ஸ்டேட்ஸ்மன்' ஆங்கில நாளிதழில் 'கன்ட்ரி நோட்புக்' என்ற பத்தியைத் தொடங்கினார். இரண்டு வாரத்துக்கு ஒரு கட்டுரை. காக்கா, அணில், ஓணான், நாட்டு நாய், யானை, புளியமரம் எல்லாம் அதில் வரும். பல கட்டுரைகளுக்குப் படமும் அவரே வரைவார். ஒன்றல்ல, இரண்டல்ல, 46 வருஷம்!

பேர் வைத்த கேமரா

இனி நம் விஷயத்துக்கு வருவோம்.

அன்று காட்டு விலங்கைப் படம் எடுப்பது இன்றைக்குப் போல இல்லை. லென்ஸ் தானாக ஃபோகஸ் ஆகாது, கையால் திருகித்தான் கொண்டுவர வேண்டும். பெரிய 120 பிலிம் என்றால் ஒரு ரோலில் சதுரமாக 12 படம்தான் விழும். எடுத்தது சரியா என்று உடனே பார்க்கவும் முடியாது. வீட்டுக்கு வந்து இருட்டறையில் கழுவின பிறகுதான் யானை விழுந்திருக்கிறதா, யானையின் வால் மட்டும் விழுந்திருக்கிறதா என்று தெரியும்.

கிருஷ்ணன் கடையில் விற்கிற கேமராவோடு நிற்கவில்லை. ஒரு கம்பெனியின் உடம்பு, இன்னொரு கம்பெனியின் டெலி லென்ஸ் என்று பல பாகங்களைச் சேர்த்துத் தனக்கென்று ஒன்றைக் கட்டிக்கொண்டார். அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று கேலியாகப் பேரும் வைத்தார். பேரிலேயே கனம் தெரிகிறது பாருங்கள்! ஒர்க்‌ஷாப்பில் உடைந்த மோட்டாரில் ஒரு பாகம், பழைய மிக்சியில் ஒரு பாகம் என்று எடுத்துப் புராஜெக்ட் செய்கிற நமக்கு இந்த மனுஷனைப் பிடிக்காமல் போகுமா?

அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தும் போவார், பழக்கிய யானை மேல் உட்கார்ந்தும் போவார். முதுமலை அவருக்கு நன்றாகப் பழகிய காடு. யானைக் கூட்டம், காட்டெருமை, கடமான், புள்ளிமான், செந்நாய், மந்தி என்று அவர் எடுத்த படங்கள் ஏராளம். உலகமே கலருக்கு மாறின பிறகும் அவர் மட்டும் கறுப்பு-வெள்ளையை விடவில்லை, கடைசிவரை.

ஃப்ரேமுக்குள் என்ன வைப்பது?

எங்கள் துறை ஆசிரியர் ஒருவர் 'ஐ இன் தி ஜங்கிள்' என்ற புத்தகத்தைப் பார்க்கக் கொடுத்தார். கிருஷ்ணனின் படங்களையும் கட்டுரைகளையும் தொகுத்து அவர் மறைந்து பத்து வருஷம் கழித்து, 2006-ல் வெளியிட்டது. ஒரு வாரம் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்ததில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

முதல் விஷயம், மிருகம் மட்டும் படம் இல்லை, அது நிற்கிற இடமும் படம்தான். யானையின் முகத்தை மட்டும் பெரிதாகப் போட்டால் அது சர்க்கஸ் யானையாகவும் இருக்கலாம், கோயில் யானையாகவும் இருக்கலாம். சுற்றிலும் புல் எவ்வளவு உயரம், மரம் என்ன மரம், கூட்டத்தில் குட்டி எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரிந்தால்தான் அது காட்டு யானையின் படம்.

இரண்டாவது, பார்க்கிற திசையில் இடம் விட வேண்டும். மான் இடது பக்கம் பார்த்தால் இடது பக்கம் கொஞ்சம் வெற்றிடம் வேண்டும். இல்லாவிட்டால் மான் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும்.

மூன்றாவது, கண்மட்டம். நாம் நின்றபடி கீழே பார்த்து எடுத்தால் ஓணான் ஒரு பூச்சியாகத்தான் தெரியும். தரையில் படுத்து, அதன் கண்ணுக்கு நேராக எடுத்துப் பாருங்கள், டைனோசர் மாதிரி நிற்கும்! சட்டை அழுக்காகும், அவ்வளவுதான்.

நான்காவது, வெளிச்சம். கறுப்பு-வெள்ளையில் பச்சையும் பழுப்பும் ஒரே சாம்பலாகப் போய்விடும். பழுப்பு மான் பச்சைப் புதரில் கரைந்துவிடும். ஆக, ஒளி எந்தப் பக்கமிருந்து விழுகிறது, விளிம்பு பிரிந்து தெரிகிறதா என்று பார்த்துத்தான் அமுக்க வேண்டும். பீங்கான் ஜாடிக்கு கிளேஸ் போட்ட பிறகு ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்ப்போமே, அதே கண்தான் இதற்கும். நிறம் இல்லாதபோதுதான் உருவம் சரியா, கோணலா என்று தெரிகிறது.

வெட்டுதல்

என்னதான் டெலி லென்ஸ் இருந்தாலும் காட்டு மிருகம் தூரத்தில்தான் நிற்கும். நெகடிவில் சின்னதாகத்தான் விழும். இருட்டறையில் என்லார்ஜரை உயர்த்தி, வேண்டிய பகுதியை மட்டும் பெரிதாக்கிக் காகிதத்தில் விழவைப்பார்கள். இதுதான் கிராப். பழைய ஸ்டுடியோக்காரர்கள் 'ட' வடிவத்தில் இரண்டு அட்டைகளை வெட்டி வைத்திருப்பார்கள். பிரிண்ட் மேல் அவற்றை வைத்து நகர்த்தி நகர்த்தி, எங்கே வெட்டலாம் என்று பார்ப்பார்கள். இன்றைக்கும் செய்து பாருங்கள், போன் திரையில் தெரியாதது அட்டையில் தெரியும்.

வெட்டுவதற்கு ஒரு விலை உண்டு. ஆறு சென்டிமீட்டர் சதுர நெகடிவில் இரண்டு சென்டிமீட்டர் சதுரத்தை மட்டும் எடுத்தால் நம் கையில் இருப்பது ஒன்பதில் ஒரு பங்கு. பெரிதாக்கினால் மணல் கொட்டின மாதிரி புள்ளி தெரியும். போனிலும் அதே கணக்குத்தான். 12 மெகாபிக்சல் படம் என்றால் அகலத்தில் 4000, உயரத்தில் 3000 புள்ளிகள். நீளத்தையும் அகலத்தையும் பாதியாக வெட்டினால் மிஞ்சுவது 3 மெகாபிக்சல். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சிட்டால் ஆறரை அங்குல அகலத்துக்கு நன்றாக வரும். இன்னொரு முறை பாதியாக வெட்டினால் மூணேகால் அங்குலம்தான். கொக்கு தூரத்தில் நின்றால் கத்தரிக்கோலை நம்புவதைவிடப் பத்தடி மெதுவாக நடப்பது மேல்.

சரி, வெட்டுவது பொய்யா? இல்லை என்பதுதான் என் எண்ணம். நான் இன்னும் கொஞ்சம் கிட்டே நின்றிருந்தால் என்ன பார்த்திருப்பேனோ, ஏறக்குறைய அதைத்தான் கிராப் காட்டுகிறது. எதையும் சேர்க்கவில்லை. ஆனால் இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. முதுமலையில் தெப்பக்காடு என்ற இடத்தில் வளர்ப்பு யானைகளுக்கு முகாம் இருக்கிறது. அங்கே காலில் சங்கிலி போட்டு நிற்கிற யானையைப் படம் எடுத்துவிட்டு, முழங்காலோடு வெட்டிவிட்டால்? பின்னால் காடு, முன்னால் தந்தம், அசல் காட்டு யானை! ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை. ஆனாலும் அது பொய். ஆகவே எவ்வளவு வெட்டினோம் என்பதைவிட எதை வெட்டினோம் என்பதுதான் கேள்வி.

டச்சப்

அடுத்தது டச்சப். இதில் இரண்டு வகை இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒன்று, கெட்டதைச் சரி செய்வது. நெகடிவில் தூசி ஒட்டியிருந்தால் பிரிண்டில் வெள்ளைப் புள்ளி விழும். அதை மெல்லிய பிரஷ்ஷால் மை தொட்டு மூடுவார்கள். என்லார்ஜர் வெளிச்சத்துக்கு நடுவில் கையைக் காட்டி நிழலான இடம் ரொம்பக் கறுக்காமல் காப்பாற்றுவார்கள். வெளிறின வானத்துக்கு இன்னும் சில விநாடி வெளிச்சம் கொடுத்து மேகத்தை வெளியே கொண்டுவருவார்கள். அந்த மேகம் நெகடிவில் ஏற்கெனவே இருந்ததுதான். கேமரா பார்த்ததைக் காகிதத்தில் முழுசாகக் கொண்டுவருவதற்கான உழைப்பு இது.

இன்னொன்று, இல்லாததைச் சேர்ப்பது, இருந்ததை எடுப்பது. இது கம்ப்யூட்டர் வந்த பிறகு வந்த வியாதி இல்லை. 1850-களிலேயே இங்கிலாந்தில் பல நெகடிவ்களை ஒட்டி ஒரே படமாக அச்சடித்திருக்கிறார்கள். 1982 பிப்ரவரியில் 'நேஷனல் ஜியாகிரபிக்' பத்திரிகை, உயரமான அட்டைக்குள் அடங்குவதற்காக எகிப்துப் பிரமிடுகளையே கிட்டே நகர்த்தி வைத்து, பிறகு உலகம் முழுக்கப் பேச்சு வாங்கியது. ஆயிரக்கணக்கான வருஷம் அசையாத பிரமிடு ஒரு அட்டைப் படத்துக்காக அசைந்துவிட்டது!

இந்த இடத்தில் எங்கள் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் ஆயா சூளை வேலைக்குப் போனவர். வலது கன்னத்தில் சூடு பட்ட தழும்பு பெரிதாக இருக்கும். சின்ன வயசில் அதைத் தடவிக்கொண்டேதான் நான் தூங்குவேனாம். ஆயா இறந்த பிறகு, அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படத்தை ஒரு ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கினோம். பிரேம் போட்டு வந்தபோது கன்னம் வழுவழு என்று இருந்தது. கழுத்தில் இரட்டைச் சங்கிலி, உடம்பில் பட்டுப் புடவை. அம்மாவுக்குச் சந்தோஷம், உசுரோட இருக்கும்போது போடாததை இப்பவாவது போட்டிருக்காங்களே என்று. ஸ்டுடியோக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை, எல்லா வீட்டுக்கும் அப்படித்தான் செய்து கொடுக்கிறார்கள். ஆனால் என் தங்கை அந்தப் படத்தைப் பார்த்து, இது யார் என்று கேட்டாள். ஆயாவின் முகத்துக்கு இருந்த ஒரே சாட்சி அந்தச் சின்னப் படம். பெரிதாக்கக் கொடுத்த இடத்தில் அதுவும் தொலைந்துபோனது. ஆயா எங்கே உழைத்தார், எப்படி உழைத்தார் என்று சொல்லுகிற தழும்பு இனிமேல் எங்கள் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கும். நாங்கள் போன பிறகு அதுவும் இருக்காது.

ஒரு பறவைப் படத்திலிருந்து குறுக்கே வந்த குச்சியை அழிக்கும்போதும் இதுதான் நடக்கிறது. வேடந்தாங்கலில் தண்ணீரில் நிற்கிற கடம்ப மரங்களில்தான் நீர்ப்பறவைகள் கூடு கட்டுகின்றன. அந்தக் கிளை குறுக்கே வந்து அழகைக் கெடுக்கிறது என்று எடுத்துவிட்டால், பறவை எந்த மரத்தில் கட்டியது, என்ன குச்சியை வைத்துக் கட்டியது என்ற சேதியும் சேர்ந்து போய்விடுகிறது. கரண்ட் கம்பியும் அப்படித்தான். கரிச்சான் இன்று கம்பியில் உட்காருகிறது என்பது ஒரு உண்மை. அதை நாம் ஏன் மறைக்க வேண்டும்?

படம் ஒரு சாட்சி

கிருஷ்ணனின் படங்கள் வெறும் அழகுக்காக எடுத்தவை இல்லை. 1968-ல் அவருக்கு ஜவஹர்லால் நேரு ஃபெலோஷிப் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு தீபகற்ப இந்தியக் காடுகளில் பெரிய பாலூட்டி விலங்குகளின் நிலைமை என்ன என்று சுற்றிப் பார்த்து ஆய்வு செய்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் அது தொடராக வந்தது, பிறகு 1975-ல் புத்தகமாயிற்று. புத்தகத்தின் பேரிலேயே 1959 முதல் 70 வரை என்று வருஷத்தைப் போட்டிருக்கிறார்கள். இந்த வருஷங்களில் இந்தக் காடு இப்படி இருந்தது என்று சாட்சி சொல்லுகிற புத்தகம் அது. அப்படிப்பட்ட வேலையில் ஒரு குச்சியை எடுத்தாலும் ஒரு மானைச் சேர்த்தாலும் அத்தனையும் கெட்டுப்போகும். ஒரு படம் பொய் என்று தெரிந்தால் மற்ற படங்களையும் யார் நம்புவார்கள்?

இப்படி நடந்தும் இருக்கிறது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்துகிற போட்டியில் 2009-ல் ஒரு படம் முதல் பரிசு வாங்கியது. இரவில் ஒரு ஓநாய் வேலியைத் தாண்டிக் குதிக்கிற படம். அது பழக்கின ஓநாயாகத்தான் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு நடுவர்கள் வந்தார்கள். எடுத்தவர் மறுத்தார். ஆனாலும் 2010 ஜனவரியில் பரிசு பறிபோனது. அந்தப் படத்தில் டச்சப் கிடையாது, கிராப் தகராறு கிடையாது. காட்டு ஓநாய் என்று சொன்னதில்தான் தகராறு. இன்று இயற்கைப் படப் போட்டி நடத்துகிற உலக அமைப்புகளும் கிட்டத்தட்ட ஒரே விதியைத்தான் வைத்திருக்கின்றன: கிராப் செய்யலாம், தூசி எடுக்கலாம், ஒளியைச் சீர் செய்யலாம். படத்தில் எதையும் சேர்க்கவோ, நகர்த்தவோ, அழிக்கவோ கூடாது. சுருக்கமாகச் சொன்னால், வெட்டலாம், ஒட்டக் கூடாது!

செராமிக் படிக்கிற நமக்கு இது புரியாத விஷயமா? பிளாஸ்டர் அச்சிலிருந்து எடுத்த பொம்மையில் ஓரம் பிதுங்கியிருந்தால் கத்தியால் சீவுகிறோம். அது வேலையில் ஒரு பகுதி. ஆனால் காய்ந்த பொம்மையில் விரிசல் கண்டால், மேலே ஸ்லிப் தடவி மூடி, அதற்கு மேல் கிளேஸ் போட்டு மறைத்தால் என்ன ஆகும்? சூளைக்குள் போனதும் விரிசல் வாயைத் திறந்து பேசிவிடும். ஓரம் சீவுவது கிராப், விரிசலை மூடுவது டச்சப். சூளைக்குப் பொய் சொல்ல முடியாது.

கடைசிவரை

கிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1973-ல் புலிகளைக் காப்பாற்ற மத்திய அரசு தொடங்கிய 'புராஜெக்ட் டைகர்' திட்டத்தின் வழிகாட்டும் குழுவில் இருந்தார். 1995-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 'குளோபல் 500' என்ற பெருமைப் பட்டியலில் அவர் பேரைச் சேர்த்தது. ஆனாலும் அவர் எழுதினதில் பெரும்பகுதி புலியைப் பற்றி இல்லை. கொல்லைப்புறத்து அணிலுக்கும் தெருக்காக்காவுக்கும் அதே மரியாதை கொடுத்தவர். நம் மண்ணின் மரங்களை விட்டுவிட்டு அழகுக்காக வெளிநாட்டு மரங்களை நடுவதை எதிர்த்துக் கடைசிவரை எழுதினார். இல்லாததை ஒட்டி அழகாக்குவது மண்ணிலும் ஆகாது என்று நினைத்தவர் போலும்.

தமிழிலும் எழுதியிருக்கிறார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற பெயரில் தொகுத்திருக்கிறார். இங்கிலீஷ் புத்தகம் என்றால் பயப்படுகிற என்னைப் போன்றவர்கள் அதிலிருந்து தொடங்கலாம். நூலகத்திலிருந்து எடுத்து வந்து ஒரே மூச்சில் படித்தேன். பாடப் புத்தகத்தில் வராத பறவையெல்லாம் நம் ஊர் வேப்ப மரத்தில் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

1996 பிப்ரவரி 18-ஆம் தேதி கிருஷ்ணன் சென்னையில் காலமானார். வயது 83. அவருடைய கடைசி 'கன்ட்ரி நோட்புக்' கட்டுரை அச்சில் வந்ததும் அதே நாளில்தான். இப்படி ஒரு மனுஷன் வேலையை விடாமல் போக முடியுமா என்று ஆச்சரியமாக இருக்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

கேமரா வாங்கக் காசு இல்லையே என்று உட்கார வேண்டாம். இருக்கிற போன் போதும். காசு செலவில்லாத சில வேலைகளைச் சொல்கிறேன்.

ஒன்று: ஒரே இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆற்றங்கரையில் ஒரு மரம், இல்லாவிட்டால் ஹாஸ்டல் பின்பக்கம். வாரம் ஒருமுறை காலை ஏழு மணிக்கு முன்னால் போய்ப் பாருங்கள். கொஞ்சம் தள்ளிப் போக முடிந்தால் திட்டக்குடி பக்கம் வெலிங்டன் ஏரி இருக்கிறது.

இரண்டு: படம் எடுக்குமுன் ஐந்து நிமிஷம் சும்மா பாருங்கள். முடிந்தால் நோட்டில் ஒரு கோட்டுப் படம் போடுங்கள். கோணலாக வந்தாலும் பரவாயில்லை. கிருஷ்ணனின் கண் பழகினது வரைந்து வரைந்துதான்.

மூன்று: கூட்டின் கிட்டே போகாதீர்கள். தாய்ப்பறவை பறந்துவிட்டால் முட்டை வெயிலில் கெட்டுப்போகும். எந்தப் படமும் ஒரு குஞ்சின் உயிரைவிடப் பெரிதில்லை.

நான்கு: குறுக்கே கம்பி வந்தால் அழிக்காதீர்கள், நீங்கள் இரண்டடி நகருங்கள். காலால் செய்கிற டச்சப்தான் நல்ல டச்சப்.

ஐந்து: அசல் படத்தை அழிக்காமல் வைத்துக்கொண்டு, பிரதியில் மட்டும் வெட்டுங்கள். எந்த இடம், எந்தத் தேதி, என்ன பறவை, என்ன மரம் என்று எழுதி வையுங்கள். பேர் தெரியாவிட்டால் நம் ஊரில் என்ன சொல்கிறார்களோ அதை எழுதுங்கள். நம் பேரப் பிள்ளைகள் காலத்தில் அந்தப் பறவை இங்கே இல்லாமல் போனால், இருந்தது என்று சொல்ல உங்கள் படம் ஒன்றாவது இருக்கும்.

மாணவர் மன்றத்துக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு மலரில் இயற்கைப் படத்துக்கென்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள். போட்டியும் வையுங்கள். ஆனால் ஒவ்வொரு படத்தோடும் அதன் அசலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். படத்தின் கீழே எடுத்தவர் பேருக்குப் பக்கத்தில், எடுத்த இடமும் தேதியும், என்ன வெட்டப்பட்டது என்பதும் ஒரு வரி இருக்கட்டும். பரிசு என்னவோ ஒரு எவர்சில்வர் தட்டாக இருந்தாலும் பரவாயில்லை.

இன்னும் சில மாதத்தில் நாம் எல்லோரும் ஏதாவது ஒரு கம்பெனியில் டெஸ்டிங் மேசையில் உட்காரப் போகிறோம். பத்து மாதிரியை உடைத்துப் பார்ப்போம். ஒன்பது நன்றாக இருக்கும், ஒன்று சீக்கிரமே உடைந்துபோகும். அந்த ஒன்றை ரிப்போர்ட்டிலிருந்து எடுத்துவிட்டால் சராசரி அழகாக வரும். சூப்பர்வைசர்கூடச் சந்தோஷப்படுவார். ஆனால் நாளைக்கு ஒரு கம்பத்தில் அந்த இன்சுலேட்டர் வெடித்தால் கீழே நிற்கிறவன் நம் வீட்டு ஆளாக இருப்பான். அப்போது உடைந்த அந்த ஒன்றையும் ரிப்போர்ட்டில் எழுதுகிற கை நமக்கு வேண்டும். கொக்குக்குப் பின்னால் இருக்கிற கம்பியை அழிக்காமல் விடுவது அதற்கு ஒரு சின்னப் பயிற்சி.